டவாலி சொன்ன விரதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசம் முடிந்த வாரம் அது. நான் திண்டுக்கல்லில் துணைத் தாசில்தார். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்கு ஒரு புறம்போக்கு விசாரணைக்காகப் போயிருந்தேன். போன வேலை ஓடையை அளப்பது. அளந்து முடிப்பதற்குள் என் ஆயுளையே அளந்துவிடும்போல் ஆகிவிட்டது.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பாலும் முட்டையும் ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, ஆகாது. ஒரு வாய் மோர் போனால் போதும், உதடு தடித்து, உடம்பெல்லாம் தினவெடுத்து, தொண்டை அடைக்க ஆரம்பிக்கும். சிறு வயதில் எங்கள் வீட்டில் இதற்குப் பித்தம் என்று பெயர் வைத்து, அந்தப் பித்தத்துக்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் பால் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு டாக்டர்தான், இரண்டையும் வாழ்நாள் முழுக்கத் தொடாதே என்று சொல்லிக் காப்பாற்றினார்.

சொல்வது எளிது. காப்பியில் பால், குழம்புத் தாளிப்பில் நெய், முறுக்கில் வெண்ணெய். யார் எதைக் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்த பிறகே வாயில் வைப்பேன். சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் வேறு.

திண்டுக்கல்லில் ரயில் நிலையம் போகிற வழியில் ஒரு பேக்கரி இருந்தது. 'முட்டை சேராதது' என்று பலகை எழுதி வைத்து பன் விற்றார்கள். பன்னின் மேல்புறம் மட்டும் மெருகு போட்ட மேஜை மாதிரி மின்னியது. எனக்குச் சந்தேகம். ஒரு நாள் நேராக அடுப்படிக்கே போய் நின்றேன். பேக்கரிக்காரர் ஒரு கிண்ணத்தில் முட்டையை அடித்து, கோழி இறகால் பன்களின் தலையில் தடவிக்கொண்டிருந்தார்.

"முட்டை சேராததுன்னு போட்டிருக்கீங்களே?"

"மாவுல சேக்கல சார். மேலதான தடவுறேன். நெத்தியில திருநீறு பூசுனா, திருநீறத் தின்னதா ஆயிருமா?"

இப்படிப்பட்ட வாதத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. பிறகு எனக்கென்று பாலும் முட்டையும் இல்லாமல், வெறும் தண்ணீரில் பிசைந்த ரொட்டியை ரஸ்க் ஆக்கிக் கொடுத்தார். மாவு பிசைவதிலிருந்து அடுப்பில் ஏறுவதுவரை நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். "ஒங்க வாய்க்கு நம்மூர் பூட்டு ஒண்ணப் போட்டு, சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க சார், ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்பார். ரஸ்க் டின் இல்லாமல் நான் முகாம் கிளம்பியதில்லை.

பாலசமுத்திரத்துக்கும் டின் வந்தது. தோளில் பட்டை போட்ட ஆபீஸ் சேவகரான என் டவாலி முந்தின நாளே போயிருந்தார். முகாம் போகிற ஊருக்கு அவர் முன்னதாகப் போய், அதிகாரிக்குச் சாப்பாட்டில் பால், தயிர், நெய், முட்டை கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும். இது என் நிலையான உத்தரவு. காரணம் சொல்ல வேண்டாம் என்பதும் உத்தரவு. நாலு பேருக்குப் பாதகமாக எழுதுகிறவன், தன்னை எதனால் கொல்லலாம் என்பதை ஊர் ஊராகத் தண்டோரா போட முடியாதல்லவா?

விசாரணை ஒரு விவசாயியின் பேரில். ஓடைப் புறம்போக்கை வளைத்துத் தென்னை வைத்துவிட்டார் என்று புகார். ஆள் நல்ல வாட்டசாட்டம். காலையில் தோட்டத்துக்குப் போனதுமே, ஒரு செம்பு நிறைய மோருடன் எதிரே வந்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

வேண்டாம் என்றேன். விசாரணைக்கு உட்பட்டவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது விதி. மோர் குடித்தால் மூச்சு நிற்கும் என்பது அதைவிடப் பழைய விதி. முதல் விதியை மட்டும் எடுத்துச் சொன்னேன்.

அவர் முகம் கறுத்தது. "எங்கூட்டு மோருல நாங்க என்னத்தைங்க கலந்துருவோம்?" என்று கேட்டுவிட்டுச் செம்பைத் திருப்பி எடுத்துப் போனார். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோரை மறுக்கிற அதிகாரிக்கு அந்த நாளில் மூன்று அர்த்தம் உண்டு. சாதி பார்க்கிறான், அல்லது புகார் கொடுத்தவனிடம் பணம் வாங்கிவிட்டான், அல்லது மோரைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறான். வயிற்றுக்கு ஆகாது என்கிற நாலாவது அர்த்தம் யாருக்கும் தோன்றாது.

மதியச் சாப்பாடு மணியக்காரர் வீட்டில். கிராம அதிகாரி என்பதால் அது விதிக்கு உட்பட்டதுதான். அங்கே உட்கார்ந்து ரஸ்க் டின்னைத் திறந்தால் அந்த வீட்டு அடுப்பையே அவமதித்ததாகும். இலை போட்டார்கள். பூரியும் உருளைக்கிழங்கும் வந்தன. சோறு இல்லையே என்று நினைத்தேன், கேட்கவில்லை. வேறு கேள்விகள் கேட்டேன்.

"நெய் சேர்த்திருக்கிறதா அம்மா?"

"இல்லீங்க. கடலெண்ணெயிலதான் சுட்டேன்."

"தயிர்? முட்டை?"

மணியக்காரரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, உங்களுக்குப் போயி நான் முட்டை போடுவனுங்களா?" என்றார். 'உங்களுக்குப் போய்' என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணை திருப்தியாக முடிந்ததென்று சாப்பிட்டேன். பூரி மிருதுவாக இருந்தது.

கை கழுவும்போதே உதடு தினவெடுத்தது. திண்ணென்று தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. 'தண்ணீர்' என்று சொல்ல வாயெடுத்தேன், சீட்டி மாதிரிதான் சத்தம் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுத்தானே சாப்பிட்டோம், அப்படியானால் இது விஷம் என்று முடிவு செய்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அந்தத் தென்னந்தோப்புக்காரர் நிற்கிறார். மத்தியான விசாரணைக்கு வந்தவர். 'நாங்க என்னத்தைங்க கலந்துருவோம்' என்று காலையில் கேட்டாரே, அது காதில் ஒலித்தது. அவரை நோக்கிக் கையை நீட்டினேன். குற்றவாளியைக் காட்டுவதாக என் எண்ணம். உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அட, மூச்சு வாங்குதுங்க இவருக்கு! மசமசன்னு நிக்காதீங்க, தூக்குங்க!"

மணியக்காரர் வண்டி சந்தைக்குப் போயிருந்தது. தோப்புக்காரர் வந்த ரேக்ளா வண்டி வாசலில் பூட்டியபடி நின்றது. என்னை மூட்டை மாதிரி அள்ளி அதில் போட்டு, ஒரு கையால் என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் காளைகளை விரட்டினார். சக்கரம் தரையில் பட்டதாக எனக்கு நினைவில்லை. கொல்ல நினைத்தவனே மிச்சத்தையும் முடிக்க என்னைத் தனியாகக் கொண்டுபோகிறான் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். அவர் பிடியிலிருந்து திமிறியும் பார்த்தேன்.

"ஆடாதீங்க சாமி. இதா பழனி வந்தாச்சு. மூச்ச விட்றாதீங்க, நாம் பேசிட்டே வாரனுங்க" என்று அவர் விடாமல் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அது காளைகளுக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா தெரியவில்லை. காளைகளும் நானும் கேட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் ஊசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டை ஒரு நூல் அளவு திறந்தது. உலகத்திலேயே ருசியான பண்டம் காற்றுதான் என்று அப்போது தெரிந்தது.

"என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார்.

"பூரிங்க. அய்யா விரதம்னு டவாலி சொல்லிட்டுப் போயிருக்காரு. விரதக்காரருக்குச் சோறு ஆகாது, பலகாரந்தான்னு பூரி போட்டாங்க. விரதப் பலகாரத்தைத் தண்ணி ஊத்திப் பிசஞ்சாத் தீட்டுன்னு, பால்லயே பிசஞ்சாங்க" என்றார் தோப்புக்காரர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நெய், தயிர், முட்டை என்று கேட்டவன், பூரியில் பாலுக்கு ஏது இடம் என்று அதை மட்டும் விட்டிருந்தேன். தண்ணீருக்குப் பதில் என்ன என்றும் கேட்கவில்லை.

"பால் எங்கூட்டுல இருந்துதான் போச்சுங்க" என்றார் அவர் தயங்கியபடி. "மணியக்காரரம்மா கேட்டனுப்புனாங்க. மோருதான் குடிக்கல, நம்ம பாலாச்சும் அவரு வயித்துக்குப் போகட்டும்னு, கறந்த சூட்டோட குடுத்தனுங்க."

ஆக, குற்றவாளியை நான் சரியாகத்தான் அடையாளம் காட்டியிருந்தேன்.

சைக்கிளில் பின்னாலேயே வந்து சேர்ந்த டவாலி கதவோரம் நின்று அழுதார். "பால் ஆகாதுன்னா ஆபீசருக்கு என்னமோ சீக்குன்னு நெனப்பாய்ங்க சார். பால் பேச்சையே எடுக்காம, விரதம்னு மட்டும் சொன்னா ஒரு மருவாதியா இருக்குமேன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றார். கண்டிக்கலாம் என்றால் எனக்குக் குரல் வரவில்லை. காரணம் சொல்லாதே என்று உத்தரவு போட்டால், காரணம் தானாக ஒன்று முளைக்கத்தானே செய்யும்?

ஓடை விசாரணையை நான் முடிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவர் மேல் நான் அறிக்கை எழுதுவது முறையல்ல என்று மேலிடத்துக்குத் தெரிவித்து, கோப்பை வேறொரு அதிகாரிக்கு மாற்றச் செய்தேன். அவர் போய் அளந்து, ஆக்கிரமிப்பு உண்மைதான் என்று எழுதினார். நானும் அதையேதான் எழுதியிருப்பேன். நான் ஒதுங்கியதற்கு என்ன வாங்கினேன் என்று ஆபீசில் சில காலம் பேசிக்கொண்டார்கள். வாங்கியது என் மூச்சைத்தான். அதைக் கணக்கில் காட்ட இடமில்லை.

ஊரைவிட்டு வருவதற்கு முன் மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே பயந்தார். எனக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, விரதமெல்லாம் ஒன்றுமில்லை என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். பத்துப் பேர் கேட்டார்கள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா, ஒரு கம்மங்களிய வெறுந்தண்ணியில கிண்டிப் போட்டிருப்பனுங்களே" என்றார் அவர், கதவுக்குப் பின்னாலிருந்து.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் எந்த வீட்டில் இலை போட்டாலும் உட்காருவதற்கு முன்பே என் உடம்பின் கதையைச் சொல்லிவிட்டு, எதில் பிசைந்தீர்கள் என்று கேட்கிறேன். என் சந்தேகம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஆனால் அந்த ரேக்ளாவில் என்னை அணைத்துப் பிடித்திருந்த கையை நினைக்கும்போதெல்லாம், சந்தேகத்தை மாவோடு நிறுத்திக்கொள்கிறேன். பிசைந்த கைவரை கொண்டுபோவதில்லை.