கரண்ட் வந்தும் ஓடாத மெஷின்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில்லில் நடந்தது இது. நான் தேனியில் கண்ட்ரோல் பேனல், அதாவது மெஷின்களை ஓட்டுகிற ஸ்விட்ச் பெட்டி, செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் படித்தவள். அதுவரை வயரைச் சீவி, ஸ்க்ரூ முறுக்கி, நம்பர் ஒட்டுகிற வேலைதான் என்னுடையது. அந்த மில்லுக்குப் புதுப் பேனல் செய்து மாட்டினோம்; நானே புரோகிராம் எழுதிய முதல் இடம் அதுதான்.

பிஎல்சி என்று ஒரு பெட்டி. பார்க்க டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். எந்த மோட்டார் எப்போது ஓடணும், எது நின்றால் எது நிற்கணும் என்று லேப்டாப்பில் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், எழுதியதை எழுதியபடி செய்யும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. ஆறு மாதம் ஞாயிறுதோறும் மதுரைக்கு பஸ் ஏறிப்போய் அதைப் படித்தேன். கிளாஸில் நான் ஒருத்திதான் பெண். கடைசியில் அங்கே இருந்த பையன்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, மறைப்பானேன்!

மில்லில் நடப்பது இதுதான். ஒரு பெல்ட் தேங்காய் மட்டைகளை ஏற்றிக்கொண்டு போய் அடிக்கிற மெஷினில் போடும். அது அடித்து நாராக்கித் தள்ளும். பழைய பேனலில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். திரும்ப வந்ததும் ஆபரேட்டர் அண்ணன் நடந்துபோய்ப் பச்சைப் பட்டனை அமுக்கணும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கரண்ட் கம்பி சும்மா இருக்குமா? எங்கள் பக்கம் அந்த மாதத்தில் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் பட்டனுக்கு நடப்பது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அதனால், கரண்ட் போகுமுன் ஓடிக்கொண்டிருந்ததை ஞாபகம் வைத்து, வந்த பத்தாவது செகண்டில் தானாக ஓடும்படி எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நானாக எழுதினேன்.

மில்லுக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்கு அதை ஓட்டிக் காட்டினேன். மெயினை அணைத்தோம், போட்டோம், பெல்ட் தானாகக் கிளம்பியது. அவருக்கு வாயெல்லாம் பல். "பெரிய ஆளும்மா நீ" என்றார். தேனி வரும்வரை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் பாராட்டு கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். புதுப் பேனல் மாட்டியபிறகு முதல் தடவையாக, பதினொரு மணி வாக்கில் கரண்ட் போனது. ஆபீஸ் வாசலில் முதலாளியோடு டீ குடித்துக்கொண்டே, "வரட்டும் சார், தானா ஓடும் பாருங்க" என்றேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பெல்ட்டின் அடி ரோலரில் நார் சுற்றிச் சுற்றி இறுகிக்கொள்ளும். அதை அறுத்து எடுக்க மெஷினைத் தனியாக நிறுத்த மாட்டார்கள். கரண்ட் போகிற நேரம்தான் அந்த வேலைக்கு நேரம். கரண்ட் போன உடனே அங்கே வேலை பார்க்கிற ஒரு அக்கா அரிவாளோடு ரோலர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பல வருஷப் பழக்கம். பட்டன் அமுக்காமல் மெஷின் ஓடாது, அமுக்குமுன் ஆபரேட்டர் அண்ணன் குரல் கொடுப்பார். அந்த நம்பிக்கையில்தான் அவர் கை உள்ளே போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப் பேனல் தானாக ஓடும் என்பதை அக்காவிடமும் யாரும் சொல்லவில்லை.

லைட் எரிந்தது. பெல்ட் கிளம்பியது. நான் சிரித்துக்கொண்டே முதலாளியைப் பார்க்கிறேன், "ஆத்தாடி!" என்று ஒரு அலறல்.

டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆபரேட்டர் அண்ணன் அதற்குள் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தியிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். விரல் ஐந்தும் இருந்தன. நார் அறுக்காமல் இருக்கக் கையில் சுற்றியிருந்த துண்டுதான் ரோலரில் சுற்றிக் கிடந்தது, அரிவாளும் அதில் சிக்கிக் கிடந்தது. துண்டைச் சும்மா சுற்றியிருந்ததால் கை உருவிக்கொண்டது. ஒரு முடிச்சுப் போட்டிருந்தால்?

"ஏண்ணே, கொரலு குடுக்காம பட்டன அமுக்கிட்டீகளே" என்று அக்கா அழுதார்.

"நான் அங்கன போகவே இல்லத்தா. அதுவா ஓடுச்சு" என்றார் அண்ணன்.

முதலாளிக்கும் பயம்தான். பயத்தில் சத்தம் போட்டார். "புது மெஷினு அப்படித்தான் ஓடும். ஒன்ன யாரு கைய வைக்கச் சொன்னது? கவனமா இருக்க வேணாமா?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும். வேலைக்காரி கவனமில்லாமல் இருந்தாள் என்று ஆகியிருக்கும். என் பேரும் தப்பித்திருக்கும். ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தேன்.

"அவுங்க மேல தப்பில்ல சார். பட்டன அமுக்குனது நான்தான்க்கா. போன வாரம், தேனியில உக்காந்து அமுக்கிட்டேன்" என்றேன்.

மட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். தானாக ஓடுகிற வரிகள் எல்லாவற்றையும் அழித்தேன். கரண்ட் வந்தால் எதுவும் அசையக் கூடாது, ஆள் பட்டனை அமுக்கணும், அமுக்கின பிறகும் பேனலில் இருக்கிற ஹாரன் பத்து செகண்ட் அடிக்கணும், அப்புறம்தான் பெல்ட். பத்து தடவைக்கு மேல் மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. நிம்மதியாக அக்காவிடம் போய், "இனிமே பயமில்லக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? அப்ப கரண்ட போடச் சொல்லிட்டு நீயே மொதல்ல கைய வையி தாயி. நான் பாக்குறேன்."

ரோஷத்தில் ரோலர் வரைக்கும் போய்விட்டேன். குனிந்தேன். கை போகவில்லை. ஒரு வரி விட்டுப்போயிருந்தால்? யாராவது தெரியாமல் பட்டனை அமுக்கினால்? அந்தப் புரோகிராமை எழுதியவளுக்கே அதை நம்பித் தன் கையை வைக்கத் தைரியம் இல்லை.

"முடியலக்கா" என்றேன்.

"அப்ப எங்க கை மட்டும் என்ன வாழத்தண்டா?"

பேனலைப் போய்ப் பார்த்தேன். மெயின் ஸ்விட்ச் கைப்பிடியில் ஒரு ஓட்டை உண்டு, பூட்டு மாட்டுவதற்கு. எத்தனையோ பேனலில் அந்தக் கைப்பிடியை நானே முறுக்கி மாட்டியிருக்கிறேன். அந்த ஓட்டை எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை. உடனே போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். மெயினை அணைத்து, கைப்பிடியில் பூட்டைப் போட்டுவிட்டால் கரண்ட் வந்தாலும் பேனலுக்குள் போகாது. அப்புறம் புரோகிராம் சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. பூட்டோடு மூன்று சாவி வந்தது. மூன்றையும் அக்காவிடம் கொடுத்தேன்.

"எனக்கு ஒண்ணு குடும்மா" என்றார் முதலாளி.

"இல்ல சார். யாரு கை உள்ள போகுதோ அவுங்ககிட்டதான் சாவி இருக்கணும்."

"என் மில்லுக்கு எனக்கே சாவி கிடையாதா?" என்று முறைத்தார். பிறகு ரோலரில் இன்னும் சுற்றிக் கிடந்த துண்டைப் பார்த்தார். திரும்பி ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மறுபடியும் போனேன். நான் நினைத்தபடியே காற்றுக்குக் கரண்ட் போனது. அக்கா நிதானமாக எழுந்து வந்து மெயினை அணைத்தார், பூட்டினார், ஒரு தரம் இழுத்துப் பார்த்தார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ரோலருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸில் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. பெல்ட் அசையவில்லை. முதலாளி வேகமாக வெளியே வந்தார். "கரண்டு வந்துருச்சே, ஏன் ஓடல?"

அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னும் ரெண்டு சுத்து நார் கெடக்கு மொதலாளி. எடுத்துட்டு நானே வந்து தொறக்குறேன்."

முதலாளி காத்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுசாக ஐந்து நிமிஷம். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதன்பிறகு போடியிலும் ஆண்டிபட்டியிலும் நிறைய இடங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே போனாலும் லேப்டாப்பைத் திறக்குமுன், மெஷின் பக்கத்தில் வேலை செய்பவர்களிடம் போய், "கரண்டு போனா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். எத்தனையோ மெஷின்களை ஓட வைத்திருந்தாலும், நீ செய்ததிலேயே பெரிய வேலை எது என்று யாராவது கேட்டால், ஒரு மில்லே ஒரு பெண்ணின் கை வெளியே வரட்டும் என்று காத்து நின்ற அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் இன்றும் சொல்கிறேன்.