பாலேஸ்வரியின் இரண்டு சீற்றுக் கார்

பாலேஸ்வரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவளுடைய தம்பி சண்முகலிங்கம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சுத்த அபாண்டம். காலையும் மாலையும் எழுபது பிள்ளைகளை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி, ஒருவன் மற்றவனின் தொப்பியைப் பறித்து யன்னலால் எறிய, இன்னொருத்தி வயிறு குமட்டிச் சத்தியெடுக்க, கனடாவில் மோர்னிங்சைட் தெருவின் பனியில் வழுக்காமல் ஓட்டிப் போய் எல்லாரையும் பத்திரமாக இறக்கிவிடுகிற ஒருத்திக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! சண்முகலிங்கத்தை அந்தப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இருத்திப் பார்க்க வேண்டும். அவனுடைய சொந்த மகள் அட்சயாவும் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவள் கத்துகிற கத்து அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பாலேஸ்வரிக்கு ஓய்வில்லை. புருஷன் குலசிங்கம் பாண் பேக்கரியில் வேலை செய்கிற சாதுவான மனிதர். மூன்று தரம் ஓட்டுநர் சோதனைக்குப் போய் மூன்று தரமும் தோற்று, இனி இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நிலவறை வீட்டில் இருந்த காலம் தொட்டுச் சொந்தக்காரரின் கலியாணம், செத்த வீடு, விமான நிலையம் எல்லாவற்றுக்கும் பாலேஸ்வரியின் பழைய வான் வண்டிதான் ஓடியது. பின்னுக்குத் தம்பி குடும்பம், அதற்குப் பின்னுக்கு யாரோ ஒரு மாமி, மாமியின் மடியில் சாம்பார்க் கிடாரம். ஒரு சந்தியில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும், “பாத்துப் பிள்ளை, சாம்பார்!” என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

அவளுக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு ஆசை வந்தது. பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி மணி அடிக்கக் காத்திருந்தபோது, கூரை இல்லாத ஒரு சின்னச் சிவப்புக் கார் அவளைக் கடந்து போனது. அந்தக் காரின் அழகை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பின்சீற் இல்லை என்பதைத்தான் பார்த்தாள். முன்னுக்கு இரண்டு சீற், அவ்வளவுதான், அதற்குப் பின்னால் உலகத்தில் ஒருவரும் ஏற முடியாது. அட கடவுளே, இப்படியும் ஒரு வாகனமா என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

விசாரித்ததில், அது ஐம்பதாம் ஆண்டு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நகல் என்று தெரிந்தது. உண்மையான பழைய கார் வாங்க வீட்டை விற்க வேண்டும், வாங்கினாலும் மழை பெய்தால் அது கிளம்பாது. நகல் அப்படியல்ல. வெளியே பழைய காரின் உருவம், ஃபைபர் கிளாஸ் உடம்பு. உள்ளே ஒரு ஃபோக்ஸ்வாகன், எஞ்சினும் அதன்படி பின்னால். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவில் காசு தண்ணீராக ஓடியபோது ஆட்கள் பழைய கார்களை நிலம் வாங்குவது போல வாங்கிப் போட்டார்கள். அவற்றோடு சேர்ந்து நகலுக்கும் விலை ஏறியது. பிறகு எல்லாம் படுத்துவிட்டது. தொண்ணூற்று மூன்றில் வீடு விற்காது, வேலை கிடைக்காது, காரை ஏறெடுத்துப் பார்க்க நாதியில்லை.

டோனற் கோப்பிக் கடையில் கிடக்கிற கார் விற்பனைப் பத்திரிகையை அவள் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தாள். பக்கத்து நகரமான அஜக்ஸில் ஒருவர் பச்சை நிற நகல் ஒன்றை விற்கப் போட்டிருந்தார். அடுத்த தரம் விலை இறங்கியது. அதற்கடுத்த தரம் இன்னும் இறங்கியது. அவள் ரெலிபோன் எடுக்கவே இல்லை. பனி கரையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

செய்தி எப்படியோ சண்முகலிங்கத்தின் காதுக்குப் போய்விட்டது.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? உது கவரிங் நகை மாதிரி. பாக்கிற சனம் சிரிக்கும்.”

“உன்ர கலியாணத்துக்கு உன்ர மனுசி போட்ட ஒட்டியாணம் என்னவாம்? அதைப் பாத்துச் சனம் சிரிச்சதே?”

அவன் வேறு வழியால் வந்தான். இரண்டு பேர் மட்டும் போகிற காரில் குடும்பம் எப்படிப் போகும், நாட்டில் சண்டையில் சனம் சாகிற நேரத்தில் உங்களுக்கு உது தேவையா, இந்த வயதில் கூரையில்லாத காரில் தலை கலைய ஓடினால் மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார் என்று அடுக்கிக்கொண்டே போனான். போன மாதம் அவன் தனக்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியபோதும் நாட்டில் சனம் செத்துக்கொண்டுதான் இருந்தது! ஒட்டாவாவில் படிக்கிற மகள் துர்க்காவிடம் கேட்டதற்கு அவள், “அம்மா, கோ ஃபோர் இற்! மாப்பிள்ளையை நான் பாக்கிறன்” என்று சிரித்தாள்.

சித்திரையில் அஜக்ஸுக்குப் போனார்கள். பேக்கரி வேலையால் வரமுடியாத குலசிங்கம், ஆம்பிளை ஒருத்தன் கூட வேண்டும் என்று பயந்ததால் சண்முகலிங்கமும் போனான். அதுதான் அவள் செய்த பிழை. விற்கிறவர் வால்ட்டர் என்ற வயதான வெள்ளைக்காரர். அவர் சண்முகலிங்கத்துக்குக் கை கொடுத்தார். எஞ்சினைச் சண்முகலிங்கத்துக்குக் காட்டினார். பாலேஸ்வரி கிளச்சைப் பற்றிக் கேட்டால் சண்முகலிங்கத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கடைசியில், அம்மணி பக்கத்தில் இருந்து காற்று வாங்க நல்ல சுகமாயிருக்கும் என்று சொல்லிக் கார்த் திறப்பையும் அவன் கையில் வைத்தார். இந்தச் சண்முகலிங்கம், சும்மா நிற்க வேண்டியவன், பெரிய துரை மாதிரித் தலையாட்டி, “ஓகே சேர், ப்ரைஸ் நோ ப்ரொப்ளம்” என்றான்.

“ஆற்ற காசடா?” என்று பாலேஸ்வரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தம்பியின் கையிலிருந்து திறப்பைப் பறித்தாள். பிறகு வால்ட்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், இதை ஓட்டப் போவது நான், காசு கொடுக்கப் போவதும் நான், இந்த விளம்பரம் குளிர்காலம் முழுக்க வருகிறது, வேறு ஒருவரும் வரவில்லை என்று உமக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்று சொல்லித் தன்னுடைய விலையைச் சொன்னாள். அவர் முடியாது என்றார். அவள் திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தாள். வானின் கதவைத் திறக்கமுன் அவர் பின்னால் ஓடி வந்தார். வாசலில் வீடு விற்பனைக்கு என்ற பலகையும் நட்டிருந்ததைப் பார்க்க அவளுக்கு மனம் கொஞ்சம் கரைந்தது உண்மைதான். என்றாலும் சொன்ன விலையை அவள் கூட்டவில்லை.

புதுக் கார் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் ஓடுகிற யாழ்ப்பாணத்தார் ரொறன்ரோவில் இல்லை. ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஒரு பழைய கிட்டங்கியில் இருந்த பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனார்கள். குலசிங்கம் பட்டு வேட்டியோடு பக்கத்துச் சீற்றில் இருந்தார். கார் நிறுத்தத்தில் இறங்கியதும், முன்னமே வந்து நின்ற சண்முகலிங்கத்தோடு சனம் சூழ்ந்துகொண்டது. அவர்களுடைய அடுக்குமாடியில் அடுத்த தளத்தில் இருக்கிற மங்கையற்கரசி பெரிய விஷயம் தெரிந்தவள் போல முன் மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தால் உள்ளே வெறும் இடம்.

“ஐயோ பிள்ளை! எஞ்சின் இல்லாத காரை உன்ர தலையில கட்டிப் போட்டாங்களே!”

“அப்ப இஞ்ச வரைக்கும் என்னண்டு வந்தது, தள்ளிக்கொண்டே வந்தனாங்கள்? எஞ்சின் பின்னுக்கு இருக்கு!”

ஒருவரும் நம்பவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஐயர் தட்டோடு வெளியே வந்தார். நான்கு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து, முன்னுக்குச் சந்தனம் குங்குமம் பூசி, கற்பூரம் கொளுத்தமுன் வழக்கம் போலக் கேட்டார்.

“ஆற்ற பேருக்கு? நட்சத்திரம் என்ன?”

“குலசிங்கம், ரோகிணி” என்றான் சண்முகலிங்கம், பாலேஸ்வரி வாய் திறக்கமுன்.

“நில்லுங்கோ ஐயா” என்றாள் அவள். “கார் ஓடுறது நான். லைசென்ஸ் இல்லாத மனிசன்ர பேரில ஏன் அர்ச்சனை?”

சண்முகலிங்கம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். “அக்கா, விளங்காமல் கதைக்காதையுங்கோ. கார் விசயம். உங்கட நட்சத்திரத்தைச் சொல்லி ஏதும் நடந்திட்டால்?”

விஷயம் இதுதான். பாலேஸ்வரி பிறந்தது கேட்டையில். கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் தமையனுக்கு ஆகாது என்று ஒரு கதை உண்டு. அதனால் அவளுக்குக் கலியாணமே பிந்தித்தான் நடந்தது. நடந்து எட்டாம் மாதம் குலசிங்கத்தின் தமையன் காய்ச்சலில் செத்துப்போனார். டொக்டர் டைஃபொயிட், நெருப்புக் காய்ச்சல் என்றார். மாமியார் கேட்டை என்றார். ஊர் மாமியாரை நம்பியது. அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் பாலேஸ்வரியின் பெயரில் அர்ச்சனை கிடையாது, நட்சத்திரத்தை யாரும் வாயில் எடுப்பதும் கிடையாது. அவளும் பேசாமல்தான் இருந்தாள். கடல் கடந்து வந்து, சொந்தக் காசில், சொந்தமாகப் பேரம் பேசி வாங்கிய காரின் முன்னாலும் அதே கதையா?

“ஓமடா, கேட்டைதான்!” அவள் குரல் கோயிலுக்குள்ளே போய்த் திரும்பியது. “இந்தக் கேட்டைக்காரிதான் எழுபது பிள்ளையளை ஒவ்வொரு நாளும் ஏத்தி இறக்கிறாள். அதில உன்ர பிள்ளையும் இருக்கு. பனிக்காலம் முழுக்க அட்சயாவை என்ர பஸ்ஸில ஏத்தி விடேக்க ஒரு நாளாவது நட்சத்திரம் பாத்தனியே? சொல்லடா! அப்ப நான் நல்லவள். ஒரு தேங்காய் உடைக்கிற நேரம் மட்டும் கூடாதவளோ?”

சண்முகலிங்கம் தரையைப் பார்த்தான். மங்கையற்கரசி தன் சேலைத் தலைப்பைத் திருகினாள். ஐயர் தர்மசங்கடத்தோடு தட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

“பேர்?” என்றார் மறுபடியும்.

“பாலேஸ்வரி.”

“நட்சத்திரம்?”

இந்த முறை குலசிங்கம்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “கேட்டை, ஐயா. என்ர மனுசி கேட்டை நட்சத்திரம். கார் அவவின்ர. அவவின்ர பேரில செய்யுங்கோ.”

அர்ச்சனை நடந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பாலேஸ்வரி ஏறி, குலசிங்கத்தைப் பக்கத்தில் ஏற்றி, தேசிக்காய் நான்கும் நசிபடக் காரை எடுத்தாள். குலசிங்கத்தின் முகத்தில் பெருமை தாங்க முடியவில்லை. ஒரு பாராட்டுக்குக் காத்திருப்பது பார்க்கவே தெரிந்தது. அவள் பெருந்தெரு வரைக்கும் காரை விரட்டினாள். பிறகு கேட்டாள்.

“இருபத்திரண்டு வருசம். உங்கட அம்மா என்னைப் பாத்து என்ர பிள்ளையைத் திண்டவள் எண்டு சொல்லேக்க இந்த வாய் எங்க போய்க் கிடந்தது?”

“பயமா இருந்தது, ஈசு.”

“நீங்களும் அதை நம்பினனீங்களோ?”

“சீச்சீ, நான் நம்பேல்லை. அண்ணர் நெருப்புக் காய்ச்சலிலதான் போனவர் எண்டு எனக்கு அப்பவே தெரியும். ஆஸ்பத்திரியில பக்கத்தில நிண்டது நான்தானே.”

அவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. நம்பிப் பேசாமல் இருந்திருந்தால் அறியாத மனிதர் என்று மன்னித்திருப்பாள். தெரிந்தும் இருந்திருக்கிறார்! அவள் ஒவ்வொரு வருடமும் அந்தத் திவச நாளில் குசினிக்குள் ஒளிந்து நின்று அழுததைப் பார்த்துக்கொண்டு, தெரிந்தும் இருந்திருக்கிறார்.

“இறங்குங்கோ.”

“என்ன?”

“இறங்கச் சொன்னனான். அங்க பஸ் ஸ்டொப். பஸ்ஸில வாங்கோ.”

குலசிங்கம் இறங்கினார். பட்டு வேட்டியும் திருநீறுமாக, கையில் தேங்காய்ப் பாதியோடு பஸ் தரிப்பில் நின்றார். அவள் 401 நெடுஞ்சாலையில் ஏறி, பக்கத்திலும் பின்னாலும் ஒருவரும் இல்லாமல், வாய்க்கு வந்தபடி அவரையும் அவருடைய தாயையும் தன்னுடைய தம்பியையும் ஏசிக்கொண்டு அஜக்ஸ் வரைக்கும் ஓடினாள். காற்று முகத்தில் அடித்துக் கண்ணீரைக் காதுப் பக்கமாக இழுத்தது. திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவர் அதே இடத்தில் நின்றார். எத்தனை பஸ் வந்து போயிருக்கும்!

“ஏன் பஸ்ஸில போகேல்லை?”

“நீர் வருவீர் எண்டு தெரியும்.”

“எல்லாம் தெரியுமாம்!” என்று அவள் சீறினாள். “தெரிஞ்சதை வாய் திறந்து சொல்லோணும் எண்டு மட்டும் தெரியாது. ஏறுங்கோ. நாளைக்கு விடிஞ்சதும் கனடாவில இருக்கிற உங்கட சொந்தக்காரர் எல்லாருக்கும் ஃபோன் எடுத்து, அண்ணர் எதால செத்தவர் எண்டு சொல்லுறீங்கள். நான் பக்கத்தில இருந்து கேப்பன்.”

அவர் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“ஆரிலயிருந்து தொடங்க?” என்று கேட்டார்.