கறுப்புப் போஞ்சி விதை

அந்தக் காரியத்தைப் பார்த்தது அகஸ்டினா ஒருத்திதான்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தபசுக்காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய வெள்ளி நாடகத்துக்கு ஆள் பிரிப்பார்கள். இயேசு, பேதுரு, பிலாத்து வேஷங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். யூதாசுக்குத்தான் ஆள் கிடைக்காது. அதனால் கோயில் உபதேசியார் ஒரு துணிப்பையில் வெள்ளைப் போஞ்சி விதைகளைப் போட்டு, அதோடு ஒரேயொரு கறுப்பு விதையையும் போட்டுக் குலுக்குவார். கறுப்பு யார் கையில் வருகிறதோ அவர்தான் யூதாஸ். அது ஆண்டவரே சுட்டிக்காட்டுகிற ஆள் என்று சனங்கள் நம்பினார்கள்.

அந்த வருஷம் கறுப்பு விதை ஷெல்டன் கைக்குப் போனது. அவன் கல்யாணம் முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. பெண்சாதி ரொஷானி நிறைவயிற்றோடு பெண்கள் பக்கத்தில் நின்றாள். ஷெல்டன் மூடின கையை லேசாகத் திறந்து பார்த்தான். முகம் செத்துப்போனது. பக்கத்தில் நின்றவர் எட்வர்ட், அகஸ்டினாவின் புருஷன். ஆறுதலுக்குப் பிடிக்கிறவர் மாதிரி அவன் கையைப் பிடித்தார். விட்டபோது எட்வர்டுடைய வெள்ளை விதை ஷெல்டன் கையில் இருந்தது.

"எனக்குத்தான் விழுந்திருக்கு உபதேசியாரே," என்று எட்வர்ட் கறுப்பைத் தூக்கிக் காட்டினார்.

"அதானே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" என்று யாரோ சொல்ல, கோயிலே சிரித்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அகஸ்டினா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"வயித்துப்புள்ளக்காரி மனசு என்னா பாடுபடும்? ஒரு வெள்ளிக்கிழம வேஷந்தானே புள்ள. இத யார்கிட்டயும் சொல்லிராத."

எட்வர்டுக்கு வேஷம் என்றால் பயம் கிடையாது. இளந்தாரி வயதில் பதுளை டவுனில் ஒரு படக்கொட்டகையில் கதவுக்காரராக நின்றவர். அங்கே ஓடின படங்களில் ஓர் அமெரிக்கக்காரர் மேல் அவருக்கு உயிர். தொப்பி, குதிரை, அதிகம் பேசாத வாய். அவரே நடித்து, அவரே படத்தையும் எடுப்பாராம். பெயர் மட்டும் எட்வர்ட் வாயில் கடைசி வரை நுழையவில்லை. "அந்தாளு கத்தவே மாட்டாரு, அகஸ்டினா. சும்மா பாப்பாரு. நமக்கு நெஞ்சுல இடிக்கும்," என்பார். கொட்டகையை மூடியபிறகு தோட்டத்துக்கே திரும்பி, தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் வேலையில் சேர்ந்தார்.

அந்தப் பெரிய வெள்ளியன்று எட்வர்டின் யூதாசும் கத்தவில்லை. ஆண்டவரை முத்தமிட்டுவிட்டு, தன் கையைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிரவு எட்வர்ட் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை.

மறுவருஷம் நாடகத்தை நடத்துகிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று எல்லாருக்கும் வசனம் சொல்லிக்கொடுத்தார். பையும் விதையும் தேவைப்படவில்லை. "எட்வர்டே இருக்கட்டும். ஆண்டவர் அவரத்தானே காட்டினாரு?" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததற்கு அடுத்த வருஷம் மட்டும் நாடகம் நடக்கவில்லை. மற்றபடி வருஷா வருஷம் அவர்தான்.

வேஷம் கோயில் வாசலோடு கழன்று விழவில்லை. பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு ஒருத்தரும் அவரை ஞானத்தகப்பனாகக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அவர் கட்டிப்பிடிக்கப் போனால் யாராவது குறுக்கே வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அவர் லயத்துக் காம்பராவை யூதாஸ் வீடு என்றுதான் சொன்னார்கள். எட்வர்ட் சிரித்துக்கொள்வார். "நல்லா நடிச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?" அகஸ்டினாவுக்குச் சிரிப்பு வராது. செபமாலையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், நிஷாலினி. தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்தாள். ஷெல்டனின் மகன் றிச்சர்ட் பண்டாரவளையில் போன் கடையில் வேலை செய்தான். ரொஷானி அன்றைக்கு வயிற்றில் சுமந்து நின்ற பிள்ளை அவன்தான். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போனது. அகஸ்டினா புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கர்த்தர் கணக்கைச் சரிபண்ணுகிறார் என்று நினைத்தாள்.

உபதேசியாரை விட்டுச் சம்பந்தம் கேட்டார்கள். பதிலும் அவர் வழியாகவே வந்தது. "யூதாஸ் வீட்டுல பொண்ணு எடுத்தா எங்க வீடு வெளங்காதாம். ரொஷானி ஒரே பிடியா நிக்கிறா."

உபதேசியார் போனதும் எட்வர்ட் வாசற்கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "கொட்டகையில படம் முடிஞ்சதும் நான்தான் லைட்டப் போடுவேன், அகஸ்டினா. சனமெல்லாம் கண்ணக் கசக்கிட்டு, அட படந்தானேன்னு எந்திரிச்சுப் போகும். இங்க ஒருத்தரும் லைட்டப் போடல."

"நான் போடுறேன். போயி உண்மையச் சொல்லிட்டு வாறேன்."

"வேணாம். அந்தப் புள்ள பொறக்கப்போற நேரத்துல விழுந்த விதை அது. சொன்னா, அவனப் பாக்குறப்பெல்லாம் அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்."

முதல் தடவையாக அகஸ்டினா அவர் பேச்சைத் தட்டினாள். மறுநாள் வேலை விட்டதும் கொழுந்துக் கூடையோடு நேரே ஷெல்டன் லயத்துக்குப் போனாள். ஷெல்டன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். ரொஷானி கதவில் சாய்ந்து நின்றாள். அகஸ்டினா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தன வருசம் எங்கக்கா இருந்துச்சு இந்தக் கதை?" என்றாள் ரொஷானி. "மகளக் கட்டிக் குடுக்கணும்னதும் கோயில் காரியத்துலயே பொய்யா?"

"உன் புருசனக் கேளு. ஷெல்டன், நீ சொல்லு தம்பி. உன் கைக்கு வந்துச்சா இல்லையா?"

ஷெல்டன் நிமிரவில்லை. மண்வெட்டிப் பிடியைத் தரையில் குத்தினான். இன்னொரு தடவை குத்தினான். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"எனக்கு ஞாபகமில்ல அக்கா," என்றான்.

அவன் காது சிவந்துபோனதை அகஸ்டினா பார்த்தாள். ரொஷானி பார்க்கவில்லை. அகஸ்டினா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். ஏற்றத்தில் அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று இருமிக்கொண்டே ஏறினாள்.

றிச்சர்ட் தாயை மீறவில்லை. நிஷாலினி கொழும்பில் ஒரு துணிக்கடை வேலைக்குக் கிளம்பினாள். பஸ் நிற்குமிடத்தில் எட்வர்ட் அவள் பையைத் தூக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

"எனக்காகவாவது அந்த வேஷத்த விட்டிருக்கலாம்ப்பா. உங்களுக்கு நடிப்புத்தான் பெருசு."

அவளுக்கும் உண்மை தெரியும், தாய் சொல்லியிருந்தாள். ஆனால் மற்றவர்கள் நம்பாத உண்மையை அவளாலும் முழுசாக நம்ப முடியவில்லை போலிருக்கிறது. எட்வர்ட் பஸ் வளைவில் மறையும்வரை வெறுங்கையோடு நின்றார்.

அந்தப் பெரிய வெள்ளியிலும் நடித்தார். முத்தமிட்டபின் கையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே நின்றுவிட்டார். அடுத்த வசனத்தைப் பேதுரு இரண்டு தரம் சொல்லியும் அவர் அசையவில்லை. "இந்தத் தடவ ரொம்ப நல்லாருந்துச்சு," என்று சனங்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

மழைக்காலம் வரும்போது எட்வர்டுக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காய்ச்சலில் ஏதேதோ பேசினார். ஒருநாள் அகஸ்டினாவின் கையைப் பிடித்து, "நான் அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே காட்டிக் குடுத்தேனே," என்று விம்மினார். "ஐயோ, அது நாடகங்க," என்றாள். அவர் அவளை நம்பாதவர் மாதிரி பார்த்தார். ஷெல்டன் ஒரு தடவையாவது வருவான் என்று அவள் வார்டு வாசலையே பார்த்திருந்தாள். அவன் வரவில்லை. உபதேசியாரிடம் இரண்டு தோடம்பழம் கொடுத்தனுப்பியிருந்தான். எட்வர்ட் அதில் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

கடைசி நாள் பின்னேரம் பார்வை நேரம் முடிந்து மணியடித்தார்கள். காய்ச்சல் விட்டு அவர் தெளிவாக இருந்தார். அகஸ்டினா போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டாள். "நாளைக்குக் காலையில வந்துருவேன்," என்று எழுந்தாள்.

எட்வர்ட் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே பாத்த, அகஸ்டினா. அந்த விதை எனக்கு விழுந்ததில்லதானே?"