பிரெஞ்சு வகுப்பில் பதில் சொல்லாத சிறுமி

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லை இன்னும் முடிவாகாத சமயம். புதுச்சேரியில் படித்த நான், தமிழரும் தெலுங்கரும் உரிமை கேட்ட நகரியில் ஒரு சிறிய பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தேன். வகுப்பு நேரத்தில் யார் தமிழிலோ தெலுங்கிலோ கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் அவுட் என்பது என் விதி.

ஒரு நாள் பிரெஞ்சில் எண்ணிக் கண்ணாமூச்சி ஆடினோம். நெசவாளர் முனுசாமியின் மகள் செல்லம்மா மட்டும் திரும்பவில்லை. பள்ளிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு ஒன்று இருந்தது.

முனுசாமி ஓடி வந்தார். "செல்லம்மா! எங்கம்மா கீற?" என்று தமிழில் கத்தினார், தெலுங்கிலும் கத்தினார். பதில் இல்லை.

"தமிழா தெலுங்கான்னே இன்னும் தீரல, இவரு மூணாவதா ஒண்ணு கொண்டாந்துட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் என்னை முறைத்தார்.

நீச்சல் தெரியாத முனுசாமி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கத் தொடங்கினார். அப்போதுதான் என் விதி எனக்கு உறைத்தது. "வா" என்று பிரெஞ்சில் கத்தினேன். பக்கத்து வைக்கோல் போருக்குள்ளிருந்து செல்லம்மா அழுதுகொண்டே வந்தாள்.

"நைனா கூப்ட்டுக்கினேதான் இருந்தாரு சார். பேசினா அவுட்டுன்னீங்களே!"

இப்போது நான் எந்த வகுப்பையும் தமிழிலும் தெலுங்கிலும்தான் தொடங்குகிறேன். வீட்டார் கூப்பிட்டால் உடனே ஓட வேண்டும், ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பிரெஞ்சுக்குப் போகிறேன்.