பெட்டி வந்து சேரும் மாதம்

வீட்டுக்குள் பகடை உருண்டால் ஏதாவது ஆகிவிடுமா? படித்திருந்தும் இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில், மகள் ஒரு புதிய பலகை விளையாட்டின் வீடியோவைக் காட்டினாள். மலை அணில்களைக் காட்டுக்குள் கொண்டுசேர்க்கும் விளையாட்டு. போதுமான பேர் முன்கூட்டியே பணம் கட்டினால்தான் தயாரிப்பார்களாம். அதில் பகடை உருண்ட சத்தம் கேட்டதும், சின்ன வயதில் நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில், சாக்பீஸால் கட்டம் போட்டு நானும் சாந்தி அத்தையும் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். அத்தை மாசமாக இருந்தார். சர்ச்சிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி சாந்தி, சிலுவைக்கடியில சேவகனுக ஆண்டவரோட அங்கி யாருக்குன்னு சீட்டுப் போட்டானுகளே, அந்தப் பாவம் நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு?"

"நாங்க அங்கிக்கு ஆடலண்ணே, முறுக்குக்குத்தான் ஆடுதோம்" என்று அத்தை சிரித்தார்.

அந்த வாரமே அத்தையின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அம்மா தாயக்கட்டைகளை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்.

"நாளையோட முடியுதும்மா, பணம் கட்டிரும்மா" என்கிறாள் மகள். விளையாட்டுப் பெட்டி வந்து சேரும் மாதத்தில்தான் எனக்கு இரண்டாவது பிரசவம். கட்டினால் வயிற்றில் இருப்பதை நினைத்துப் பயம். மறுத்தால் இந்தப் பயத்தை மகளுக்கும் கொடுத்துவிடுவேனோ என்று பயம். நான் என்ன செய்யட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.