என் மருமகள் வெளியே அனுப்பாத பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒற்றைத் தையல் மெஷினில் ஆரம்பித்து, இன்று சட்டை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். யார் தயவிலும் வளரவில்லை. ஆனால் இங்கே எழுதப்போவது என்னைப் பற்றி இல்லை, என்னையே எதிர்த்து நின்ற என் மூத்த மருமகளைப் பற்றி. அவளைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையின் பின்னறையில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அடி கிடையாது. அதற்காகச் செல்லமும் கிடையாது. பள்ளி விட்டு வரும் எட்டு வயதுக்காரன் வேண்டுமென்றே பட்டன் டப்பாவைக் கவிழ்த்தால், அத்தனையையும் பொறுக்கி நிறம் பிரித்து வைத்த பிறகுதான் அவனுக்கு விளையாட்டு. அதையே மூன்று வயதுக் குழந்தை செய்தால், அவளும் கூட உட்கார்ந்து பொறுக்குவாள்.

சிக்கல் இஸ்திரிக்காரியின் மூன்று வயது மகனால் வந்தது. பட்டறையில் அவன் பெயர் எலி. காரணம், கடிப்பான். ஒருநாள் பட்டன் தைப்பவள், தன் மகளின் கையில் பதிந்த பல் தடத்தைக் காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணு அவன் இங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்."

அவள் வரிசையில் தைக்கும் பெண்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். எலியை வெளியே அனுப்பினால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவன் அம்மாவின் வேலையும் போகும்.

கட்டிங் மாஸ்டர் நாட்டாமைக்கு வந்தார். "நாலு போடு போடுங்க. இல்ல திருப்பிக் கடிச்சு விடுங்க. வலி தெரியட்டும்."

"மூணு வயசுக்கும் எட்டு வயசுக்கும் ஒரே அளவுல சட்டை வெட்டுவீங்களா மாஸ்டர்?" என்றாள் மருமகள்.

"அது எப்படி வெட்டுறது?"

"அப்ப சும்மா இருங்க. இவனுக்கு வார்த்தை வரதுக்குள்ள பல்லு முந்திக்குது."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்மா, ஆர்டர் நிக்குது. அவனை அனுப்பிடு."

"அனுப்ப மாட்டேன் மாமா. சனிக்கிழமை வரைக்கும் விடுங்க. அப்பவும் கடிச்சா நானும் வீட்டோட இருந்துக்கறேன். ஏன்னு உங்க மகன் கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

என் முகத்துக்கு நேரே அப்படிப் பேசியவர்கள் குறைவு. கோபம் வந்தது. என் தேர்வு சோடை போகவில்லை என்றும் தோன்றியது.

அன்றிலிருந்து எலி அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தான். அவன் முகம் சுருங்கினால் கையைக் குறுக்கே வைப்பாள். "கடிக்கக் கூடாது. வலிக்கும். குடுன்னு கேளு." அவ்வளவுதான், பிரசங்கம் கிடையாது. அப்படியும் நடுவில் ஒருநாள் கடித்துவிட்டான். கடிபட்ட பிள்ளைக்கு ஈரத்துணி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"டீ மணி அடிச்சாத்தான் கடிக்கிறான் மாமா. எல்லாருக்கும் அம்மா வராங்க, அவனுக்கு மட்டும் வரல."

உண்மைதான். இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லரைத் தனியே விடக்கூடாது என்பதால், இஸ்திரிக்காரிக்கு மற்றவர்கள் திரும்பிய பிறகே டீ. அது நான் போட்ட சட்டம்.

"பாய்லரை யாரு பாக்கிறது?"

"கை பழகின ஆளு ஒருத்தர் இருக்காரே. தினமும் அவரே சொல்லிக்கிறாரு."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானே போய் நின்றேன். இன்றைக்கும் என்னைப் போல ஒரு காலரை இஸ்திரி போட இந்தப் பட்டறையில் ஆள் கிடையாது.

சனிக்கிழமை டீ மணி அடித்தது. இஸ்திரி மேசையிலிருந்து பின்னறை நேராகத் தெரியும். இஸ்திரிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வாசலை அடைவதற்குள், பட்டன் தைப்பவளின் மகள் எலியின் பொம்மைக் காரைப் பிடுங்கிவிட்டாள். எலி வாயைத் திறந்தான். மருமகளின் கை குறுக்கே போனது.

"குடு. என்னோடது."

அவன் கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. அந்தச் சிறுமி மிரண்டுபோய்க் காரைத் திருப்பிக் கொடுத்தாள். எலி அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான்.

"இதுக்குக் கடியே தேவல. காது போச்சு," என்றாள் பட்டன் தைப்பவள். மகளுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, வேலை மணி அடித்ததும் தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

அடிக்காமல் பிள்ளை வளருமா என்று இன்னமும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் வாதம் செய்வதில்லை. டீ மணி அடிக்கிற நேரத்துக்குப் பட்டறைக்கு வந்து பார்க்கட்டும். நான் பாய்லர் பக்கத்தில்தான் நிற்பேன்.