தொப்பியோடு வந்த நாற்காலி

காலை பதினொன்று இருபதுக்கு வெள்ளைக்காரர் தம் தொப்பியைப் பார்த்துவிட்டார். நூலகத்தில் மூன்றாவது வரிசை நாற்காலி ஒன்றின் முதுகில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பு, ஊரின் மறுகோடியில் இருந்த வகுப்பறையில் அவர் அதை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். மணி எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதுவும் வகுப்பறையிலிருந்து வந்ததுதான்.

அறுபதுகளின் கடைசி அது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், பின்னலாடைத் தொழில் கற்றுத்தர எங்கள் திருப்பூரில் கிளை திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனி வைத்திருந்த என் கணவரும் கூட்டாளிகளும் விடாமல் கடிதம் போட்டார்கள். அவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் ஓடாது, எழுதியதெல்லாம் நான்தான். எனக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு. என் மகள் கோவையில் என் அண்ணன் வீட்டில் தங்கி, கல்லூரிக்கு முந்திய பி.யு.சி. முடித்திருந்தாள். அண்ணனுக்கு மாற்றல் வந்துவிட்டது. ஹாஸ்டலுக்கு அனுப்ப என் கணவர் சம்மதிக்கவில்லை. "உள்ளூர்ல காலேஜ் வந்தாப் படிக்கட்டும். இல்லீன்னா தை மாசம் கல்யாணம்" என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளையும் தயார், அவிநாசிபாளையத்தில் இருந்த என் நாத்தனாரின் மகன்.

வகுப்பறை, நூலகம், ஆய்வுக்கூடம், ஒவ்வொன்றிலும் முப்பது இருக்கைகள்; நேரில் ஒருவர் வந்து பார்ப்பார் என்று அங்கிருந்து பதில் வந்தது. என் கணவர் வகுப்பறைக்கு ஒரு கூட்டாளியின் கிடங்கையும், நூலகத்துக்கு இன்னொருவர் வீட்டு மாடியையும், ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சாயப்பட்டறையையும் பிடித்தார். நாற்காலி மட்டும் மொத்தமே முப்பதுதான் செய்யச் சொன்னார்.

"ஏனுங்க, எல்லாம் ஒரே எடத்துல இருக்க வேண்டாமுங்களா?" என்றேன்.

"பனியனே பத்துப் பட்டறை ஏறி இறங்கித்தான் பனியன் ஆகுது. காலேஜுக்கு மட்டும் ஒரே கூரை எதுக்குங்கறேன்?"

"அவரு நாற்காலிய எண்ணிப் பார்த்தா?"

"எண்ணட்டுமே. எங்க எண்ணினாலும் முப்பதுதான் வரும்."

திட்டம் இதுதான்: ஒரு இடம் பார்த்து முடித்ததும் அவரை இளநீர்க் கடை வழியாகக் காரில் சுற்றிக்கொண்டு வருவது, அதற்குள் நாற்காலிகள் மாட்டு வண்டியில் குறுக்குப் பாதையில் அடுத்த இடம் போய்விடும்.

போய்த்தான் விட்டன. எங்கள் வண்டிக்காரர் இருபது வருடமாகப் பட்டறைக்குப் பட்டறை துணிமூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஏற்றிய சரக்கில் ஒரு உருப்படி குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. நாற்காலியில் தொப்பி இருந்தது. தொப்பியோடு கொண்டு வந்து இறக்கிவிட்டார். வாசலில் இருந்து பெருமையாகச் சொன்னார்: "சாமானெல்லாம் சரியா வந்துருச்சுங்க. முப்பது நாற்காலி, ஒரு கடியாரம், ஒரு தொப்பி. பார்த்துக்கோங்க."

"என்ன சொல்கிறார்?" என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார்.

விருந்தினரின் தொப்பியைப் பின்னாலேயே கொடுத்தனுப்புவது எங்கள் ஊர் மரியாதை என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள், எங்களோடு வந்திருந்த என் மகள் முன்னால் வந்தாள். இருப்பதே முப்பது நாற்காலிதான், மூன்று இடத்துக்கும் இவைதான் என்று பிசிறில்லாமல் சொல்லிவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றார் கணவர்.

"உண்மையச் சொல்றாளுங்க."

"அடக் கெடுத்தா போ!"

அவள் நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் நூல் ஓரிடத்தில் துணியாகும், இன்னோரிடத்தில் வெளுக்கும், வேறோர் இடத்தில் வெட்டுப்படும், எதுவும் ஒரே கூரைக்குள் முடிவதில்லை என்று விளக்கினாள். அவர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். ஆய்வுக்கூடத்துக்கு நாற்காலிகள் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

மகள் வண்டிக்காரரிடம் கேட்டாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அரை மணியில போயிரலாமுங்க" என்றார் அவர். அதை அவள் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள்.

வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. மற்ற நாற்காலிகளை ஏற்றும் வரை காத்திருந்து, தாம் உட்கார்ந்திருந்ததையும் எழுந்து கொடுத்து, சிறு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்.

பிறகு பேச்சுமூச்சு இல்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் முடியப் போயிற்று. என் மகள் தபால்காரர் வரும் வேளையாகப் பார்த்து வாசல் பெருக்க ஆரம்பித்தாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு யார் வாசல் பெருக்குவார்கள்? நாத்தனார் வரும்போதெல்லாம், "தொப்பிக்காரன் பதில் போட்டானா அம்மிணி?" என்று அவளைச் சீண்டுவார். இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் நாற்காலி இறக்கும் சத்தம் கேட்டால் நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

மார்கழி பிறக்கும் முன் பேசி முடிக்க வேண்டும் என்று, ஒருநாள் காலையில் நாத்தனார் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்தார். தட்டைக் கையில் எடுத்தபோது வாசலில் குதிரை வண்டி நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கினார். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. கையில், மார்போடு அணைத்தபடி, மடக்கிய மர நாற்காலி ஒன்று.

"இதாருங்க?" என்றார் நாத்தனார், தட்டோடு.

வந்தவர் நேரே என் மகளைப் பார்த்தார். "நீதான் உண்மையைச் சொன்ன பெண்ணா? நான் உன் ஆசிரியை" என்றார் இங்கிலீஷில். "அங்கே நாற்காலி முப்பதுதான், அது மாணவர்களுக்கு, உனக்கு நீயே கொண்டு போ என்று சொல்லி அனுப்பினார்கள். இதை எந்த வண்டியில் ஏற்ற வேண்டும்?"